தடித்த எழுத்து வந்த கதை

அகராதியைத் திறந்தால் நமது கண் முதலில் தடித்த எழுத்தில் நிற்கும் தலைச்சொல்லில்தான் விழும். அதன் பிறகே பொருளுக்கு வருகிறோம். ஆனால் 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் ஆங்கில அகராதியில் தடித்த எழுத்தே கிடையாது. தலைச்சொற்களைக் கெப்பிட்டல் எழுத்தில்தான் அச்சிட்டார்கள். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி எழுத்தைத் தடிப்பாக்கிப் பழகிய நமது பிள்ளைகளுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் விளம்பரங்கள் பெருகின. தூரத்தில் போகிறவரையும் நிறுத்திப் படிக்க வைக்க, மிகத் தடித்த எழுத்துகளை வார்த்தார்கள். சுவருக்கு அவை சரி. புத்தக வரியின் நடுவே வைத்தால், வெள்ளைச் சட்டையில் மை கொட்டியது போலிருந்தது.

இந்தக் குறையைத் தீர்த்தது 1845இல் வந்த கிளாரண்டன். ஃபேன் வீதி எழுத்து வார்ப்பகத்தின் ரொபர்ட் பெஸ்லி அதை வெளியிட்டார். அச்சுக்கான எழுத்தை உருக்கில் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபொக்ஸ். பெயர் எடுத்தது பெஸ்லி, கைவேலை ஃபொக்ஸினுடையது. வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். கால்களின் அடியில் தடித்த சிறு பாதங்கள் இருக்கும். ஆங்கிலத்தில் இவற்றைச் செரிஃப் என்பார்கள். அவை காலோடு செங்கோணமாக முட்டாமல், மெல்ல வளைந்து சேரும். சிறிய 'ஏ', 'சி', 'ஆர்' போன்றவற்றின் நுனியில் உருண்டையான பொட்டு. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் மிதமானது. ஆகையால் பக்கத்திலுள்ள சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் சண்டையில்லாமல் நிற்கும், கண்ணுக்கும் தனித்துத் தெரியும். மெல்லிய கோடும் ஓரளவு தடிப்பாக இருப்பதால் மட்டமான தாளிலும் உடைந்து போகாது.

1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் தலைச்சொற்களும் இந்த வகை எழுத்தில்தான் அச்சாகின. அமெரிக்காவில் இதையே மரத்தில் பெரிதாக வெட்டிச் சுவரொட்டிகளுக்குப் பயன்படுத்தினார்கள். அங்குள்ள தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளிலும் இது நெடுங்காலம் இருந்தது.

பெஸ்லி 1842ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் இதைப் பதிவு செய்திருந்தார். பாதுகாப்பு மூன்றே வருடங்கள். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தங்கள் கிளாரண்டன்களை இறக்கின. கடைசியில் அச்சகத்தாரிடையே 'கிளாரண்டன்' என்றாலே தடித்த எழுத்து என்றாகிவிட்டது. பெஸ்லிக்கு இதனால் பெரிய நட்டம் வந்ததாகத் தெரியவில்லை, 1869இல் அவர் லண்டனின் லோர்ட் மேயராகவே ஆகிவிட்டார்!

விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று ஆங்கிலத்தில் மலர் தயாரிக்கும் நம்மவர்கள் இந்த எழுத்தை அட்டைத் தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் தாராளமாக எடுக்கலாம். பழைய பாடசாலையின் கம்பீரம் அதில் வரும். உள்ளே கட்டுரை முழுவதையும் இதில் அடித்துவிடாதீர்கள், இரண்டாம் பக்கத்திலேயே கண் களைத்துவிடும். இப்போது நமது அறிவித்தல்கள் பலவற்றில் திகதி, இடம், நேரம், நன்றியுரை எல்லாமே தடித்த எழுத்துதான். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த அறிவித்தலில் திகதியையும் நேரத்தையும் மட்டும் தடிப்பாக்கிப் பாருங்களேன்.