அணு ஆயுதமும் அச்சுறுத்தித் தடுக்கும் கொள்கையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மேல் வெடித்த யுரேனியம் குண்டின் ஆற்றல் சுமார் 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். வெடிப்பு மையத்திலிருந்து 260 மீட்டர் தொலைவில் ஒரு வங்கியின் வாசற்படியில் ஒருவர் அமர்ந்திருந்தார். அனல் பட்ட கல் வெளுத்துப்போக, அவர் உடல் மறைத்த இடம் மட்டும் கருநிழலாக எஞ்சியது. அந்தப் படிக்கல் இன்று அந்நகரின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகஸ்ட் 9இல் நாகசாகியும் தாக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

இத்தகைய ஆயுதத்துக்குப் பயன் எதுவும் உண்டா என்ற கேள்விக்கு 1946இல் அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் பிரோடி விடை தேடினார். போரில் வெல்வதைவிடப் போர் மூளாமல் பார்த்துக்கொள்வதே இனிப் படைகளின் வேலை என்பது அவர் முடிவு. எதிரி தாக்கத் துணியாதபடி பதிலடியின் அச்சத்தால் அவனை நிறுத்திவைக்கும் கொள்கை இப்படித்தான் உருப்பெற்றது.

1949இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்ததும் அச்சம் இருபக்கமும் பரவியது. 1954 மார்ச்சில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு ஹிரோஷிமா குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலியது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 தொழிலாளர்கள் மேல் படிந்தது.

ஆயுதம் இருந்தால் மட்டும் போதாது, முதல் அடியைத் தாங்கி எஞ்சி நின்று திருப்பித் தாக்கும் திறன் வேண்டும் என்று 1959இல் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் வாதிட்டார். கடலடியில் மறைந்து திரியும் ஏவுகணை நீர்மூழ்கிகள் அத்திறனைத் தந்தன. யார் முதலில் தாக்கினாலும் இருவருக்கும் அழிவு நிச்சயம் என்ற நிலை உருவானது. 1972இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளையே கட்டுப்படுத்தியது. குடிமக்களைக் காப்பின்றி வைப்பதே அமைதிக்கு உத்தரவாதம் என்று கொள்ளப்பட்டது.

வல்லரசுகள் நேரடிப் போரில் இறங்காததைக் கொள்கையின் வெற்றியாக ஆதரவாளர்கள் காட்டுகின்றனர். அணு ஆயுதம் அரசுகளை நிதானமாக்கும் என்பது கென்னத் வால்ட்ஸின் வாதம். ஆயுதங்களைக் கையாளும் அமைப்புகள் தவறிழைக்கக்கூடியவை என்று ஸ்காட் சேகன் மறுத்தார்.

மறுப்புக்கு வரலாறு வலுச் சேர்க்கிறது. 1962 அக்டோபர் 27 அன்று, கியூபா ஏவுகணை நெருக்கடியின் உச்சத்தில், அமெரிக்கக் கப்பல்கள் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியைச் சுற்றி எச்சரிக்கை வெடிகளைப் போட்டன. உள்ளே தாங்க முடியாத வெக்கை, மாஸ்கோவுடன் தொடர்பில்லை. போர் தொடங்கிவிட்டதென எண்ணிய தளபதி அணு டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னதாகவும், கப்பலில் இருந்த மற்றோர் அதிகாரி வசிலி அர்கிபோவ் அவரைத் தணித்ததாகவும் உடனிருந்தோர் பின்னர் கூறினர். 1983 செப்டம்பர் 26 அன்று ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் கணினி அறிவித்தது. அப்போது பணியிலிருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியே செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது.

1986இல் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. ஒப்பந்தங்களால் அவை பெரிதும் குறைந்தபோதும் ஒன்பது நாடுகளிடம் இன்னும் 12,000 அளவில் எஞ்சியுள்ளன. 2017இல் உருவான அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் அந்நாடுகளுள் ஒன்றுகூடச் சேரவில்லை. தடுப்புக் கொள்கை ஒரு முறை தவறினாலும் திருத்த வாய்ப்பில்லை. இதுவரை பேரழிவைத் தவிர்த்ததில் அச்சத்துக்குப் பங்கிருக்கலாம். ஆனால் 1962, 1983ஆம் ஆண்டுகளின் அந்த இரு நாள்களிலும் உலகைக் காத்தது, அச்சத்துக்கு ஆட்படாத மனிதர்களின் நிதானமே.