நாணயமே பிணை

'நாணயம்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். முதலாவது நாணயம் இல்லாத ஏழைக்கு, இரண்டாவதை மாத்திரம் நம்பிக் கடன் கொடுப்பார் உண்டா? நம் நாட்டுக் கிராமவாசி வங்கியின் வாயிலை அடைந்த வரலாறு, இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

முற்காலத்தில் கடனுக்குப் பிணை காணியும் நகையுமே. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி முறை கூறப்பட்டுள்ளது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார்; முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீளும். காணியுடையாருக்கு இது ஒரு வழி. காணியற்ற கூலியாளுக்கும் குத்தகைக்குக் கமம் செய்வோருக்கும் மனைவியின் தோடும் தாலிக்கொடியுமே கதி.

ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்புக் கோட்டையிலே வங்கிகள் தோன்றின. ஆனால் அவை கோப்பி, தேயிலைத் தோட்டங்களையும் ஏற்றுமதி வியாபாரத்தையும் நோக்கி எழுந்தவை. உள்ளூர் மக்களுடன் நேரே கொடுக்கல் வாங்கல் செய்ய அவை தயங்கின. ஆகவே அவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அப்பணத்தை அதிலும் கூடிய வட்டிக்கு உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுத்தனர். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், இன்று நகைக் கடைகளால் ஒளிரும் செட்டியார் தெருவே அன்று அப்பணத்தின் மதகாக விளங்கியது. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும் வங்கிகள் கையைச் சுருக்கிக்கொண்டன. ஒரே மதகு அடைபட்டால் கடைமடை வயல் வாடத்தானே செய்யும்?

ஏழைகள் சேமிக்க வழியே இருக்கவில்லை என்று கூறிவிட முடியாது. 1832இல், தேசாதிபதி ஹோட்டன் காலத்தில், இலங்கைச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. 1885இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி தொடங்கியது. சிறுதொகையைப் பத்திரமாக வைக்கத் தபாற் கந்தோர் உதவிற்று. ஆயினும் விதைநெல்லுக்கோ ஏர்மாட்டுக்கோ அங்கே கடன் பெற முடியாது. பணம் உள்ளே போக வழியிருந்தது. வேண்டியபோது கடனாக வெளியே வர வழியில்லை.

இந்தக் குறையை நீக்கும் வழி ஜேர்மனியிலே பிறந்தது. கடனில் மூழ்கிய குடியானவர்களுக்காக ரைபைசன் என்பார் 1864இல் ஹெடஸ்டோர்வ் என்னும் ஊரில் கடன் சங்கம் அமைத்தார். அம்முறையை ஆராய்ந்த சென்னை மாகாண அதிகாரி நிக்கல்சன் 1895லும் 1897லும் அறிக்கைகள் சமர்ப்பித்தார். 1904இல் இந்தியாவில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் திரூர் என்னும் ஊரில் சங்கம் தோன்றியது. இலங்கையில் அதற்கான சட்டம் 1911இல் வந்தது.

நம்மவர் இதற்கு இட்ட பெயர் 'ஐக்கிய நாணய சங்கம்'. எத்துணைப் பொருத்தமான பெயர்! ஓர் ஊரார் சிலர் கூடிச் சிறுகச் சேமிப்பர். ஒருவர் கடன் தவறினால் மற்றெல்லாரும் அதற்குப் பொறுப்பு. ஆகையால், யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அங்கத்தவர்களே ஆராய்வர். கணக்குக் கூட்டத்திலே வாசிக்கப்படும். காணி இல்லாதவனுக்கும் அயலவரின் நம்பிக்கையே பிணையாயிற்று. வடபகுதியில் இவ்வியக்கத்தை வளர்த்தவர்களுள் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய வீரசிங்கம் அவர்கள் முதன்மையானவர். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதன்பின் அரசும் விழித்தது. 1934இல் பொக்கனவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1939 ஆகஸ்ட் 1ஆந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1961இல் மக்கள் வங்கி எழுந்தது. 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தோன்றின. 1972இல் பழைய சேமிப்பு நிறுவனங்கள் இணைந்து தேசிய சேமிப்பு வங்கியாயின. இன்று வெள்ளவத்தைக் காலி வீதியில் சிறிது தூரம் நடப்பவர் பல வங்கிகளைக் கடந்து செல்வார்.

அப்படியாயின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கு கிழக்குக் கிராமங்களில் பெருகின. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிறுத்தி, வாராவாரம் பணம் அறவிட்டன. தோற்றத்தில் இது பழைய நாணய சங்கம்போலவே இருந்தது. ஆனால் பணம் ஊராருடையதன்று; கணக்கும் ஊரார் கையில் இல்லை. கடன் சுமை பெருகவே, 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களை அரசு பொறுப்பேற்க நேர்ந்தது.

ஓர் உதாரணம் பாருங்கள். 50,000 ரூபா கடன். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்பர். 12,000 ரூபாவை முதலிலேயே கூட்டி, 62,000 ரூபாவை 52 வாரத்தில் கட்டச் சொல்வர். வாராவாரம் முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு முதலுக்கும் போடப்பட்டுவிட்டது. சரியாகக் கணக்கிட்டால் உண்மை வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டும். இதை அறியாமல் ஒப்பமிடுபவர் எழுதப் படிக்கத் தெரிந்தவரேயாயினும், கைநாட்டு வைப்பவரினின்றும் வேறல்லர்.

இளைஞர்களே! வங்கிக் கட்டிடம் எழுப்புவது நம் கையில் இல்லை. ஆனால் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நான்கு பேரைக் கூட்டி வைத்து ஒரு கடன் பத்திரத்தை வாசித்து விளக்குவது நம்மால் ஆகும். பெரியோர்களே! அன்று சங்கக் கணக்கு எவ்வாறு ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது என்பதை இளையோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கணக்கை ஊரார் அறிந்திருந்த வரையில் அயலவரின் பிணை ஏழைக்கு ஊன்றுகோலாயிற்று. கணக்கு அவர்கள் கையை விட்டுப் போனபோது அதே பிணை விலங்காயிற்று. இதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.