ஆறு நகர ஆய்வு

அமெரிக்காவின் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரக் கல்லூரி 1974இல் தொடங்கிய நெடுங்கால மருத்துவ ஆய்வு. காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களின் ஆயுள் குறைகிறது என்பதற்கான வலுவான தொடக்கச் சான்று இதிலிருந்தே கிடைத்தது.

மாசடைந்த காற்று கொல்லும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். 1948இல் பென்சில்வேனியாவின் டொனோராவில் தொழிற்சாலைப் புகைமூட்டம் 20 பேரைப் பலிகொண்டது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைப்பனியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால மதிப்பீடுகள் 12,000 வரை செல்கின்றன. ஆனால் இவை சில நாள் பேரிடர்கள். அன்றாடப் புகையை இருபது முப்பது ஆண்டுகள் உள்ளிழுப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் விடையில்லை.

1973 எண்ணெய் நெருக்கடி அந்தக் கேள்வியை அவசரமாக்கியது. எண்ணெய்க்குப் பதில் கந்தகம் மிகுந்த நிலக்கரியை மின்நிலையங்கள் எரிக்கத் தொடங்கினால் மக்கள் உடல்நிலை என்னவாகும்? பெஞ்சமின் ஃபெரிஸ், ஃபிராங்க் ஸ்பைசர் தலைமையிலான குழு, மாசு அளவில் வேறுபட்ட ஆறு ஊர்களைத் தேர்ந்தது: வாட்டர்டவுன், ஹாரிமன், செயின்ட் லூயிஸ், ஸ்டூபன்வில், போர்டேஜ், டொபீகா. ஒஹாயோ ஆற்றங்கரையின் ஸ்டூபன்வில் எஃகு ஆலைகளும் நிலக்கரிப் புகையும் நிறைந்த ஊர். விஸ்கான்சின் மாநிலத்துப் போர்டேஜோ தூய காற்றுள்ள சிற்றூர்.

ஆய்வாளர்கள் முதலில் சந்தேகித்தது கந்தக டைஆக்சைடை. எதிர்பாராத விதமாக, இறப்பு வேறுபாட்டோடு நெருக்கமாகப் பொருந்தியது நுண்துகளின் அளவு. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்கள் மூக்கு, தொண்டையின் தடுப்புகளைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். அழற்சியைத் தூண்டி இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும்.

டக்ளஸ் டாக்கரி முதன்மை ஆசிரியராக 1993 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். புகைபிடித்தல், கல்வி, உடல் எடை, தொழில் ஆகியவற்றின் தாக்கத்தைக் கழித்த பிறகும், ஸ்டூபன்வில்லின் இறப்பு விகிதம் போர்டேஜைவிட 26 விழுக்காடு அதிகம். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் அனைவரும் வெள்ளையர்கள் என்பது இதன் குறை. ஆயினும், சுமார் ஐந்தரை லட்சம் பேரைக் கொண்டு 1995இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்க ஆய்வும் அதே திசையைக் காட்டியது.

இவற்றை நம்பி 1997இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நுண்துகளுக்கு முதல் தரநிலையாக ஒரு கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம் என விதித்தது. தொழில்துறை கொதித்தெழுந்தது, மூலத் தரவை வெளியிடச் சொன்னது. பங்கேற்றோரின் அந்தரங்கம் காப்பதாக வாக்களித்திருந்த ஹார்வர்ட் மறுத்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தரவு, அந்த முகமையும் வாகன உற்பத்தியாளர்களும் கூட்டாக நிதியளிக்கும் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டிடம் சென்றது. டேனியல் க்ரூஸ்கி குழு அதை மறுபகுப்பாய்வு செய்து, மூல முடிவுகள் சரியே என்று 2000இல் அறிவித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் தரநிலை வகுத்த முறையை எதிர்த்த வழக்கில், செலவைக் கருதாமல் மக்கள் நலனை வைத்தே வரம்பு விதிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2006இல் வந்த தொடராய்வு இன்னொன்றையும் காட்டியது: காற்று தூய்மையானபோது இறப்பும் குறைந்தது. அமெரிக்க வரம்பு 2012இல் 12 ஆகவும் 2024இல் 9 ஆகவும் இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. இந்தியா 2009இல் அறிவித்த ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். ஆறு ஊர்களில் மிக மோசமான ஸ்டூபன்வில்லில் ஆய்வுக் காலத்தில் பதிவான சராசரியே 29.6தான்.