களவு கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

தோட்டத்துக் கிணற்றடியில் இருந்த நீரிறைக்கும் இயந்திரம் ஒரே இரவில் காணாமற் போகிறது. விடிய வெங்காயத்துக்கு இறைக்க வந்தவர் வெறும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நகையை அடகு வைத்து வாங்கிய இயந்திரம் அது. அவருக்கு வேண்டியவை இரண்டு: பொருள் திரும்பி வர வேண்டும், அடுத்த இரவு பயமில்லாமல் படுக்க வேண்டும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் இந்தக் களவை அளக்கிறது. அதன் 367ஆம் பிரிவின்படி சாதாரண களவுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 369ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை. ஆளைத் தாக்கியோ வெருட்டியோ பறித்தால் அது கொள்ளை. தண்டனை இன்னும் கூடும். தண்டப்பணம் விதிக்கப்பட்டால் அந்தப் பணம் போவது அரசுக்கு. இயந்திரத்தைப் பறிகொடுத்தவர் கையில் ஒரு சதமும் வராது. ஆனால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17(4)ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி குற்றவாளிக்குக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. இது தெரியாமலே பலர் வழக்கு முடிந்து வீடு போகிறார்கள். இழப்பின் பெறுமதியையும் பற்றுச்சீட்டையும் முறைப்பாடு கொடுக்கும்போதே பதிய வைப்பது நல்லது. வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள்; விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

"கம்பத்தில கட்டி நாலு அடி போட்டாத்தான் திருந்துவாங்கள்" என்ற பேச்சு எங்கள் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அந்தக் காலத்தில் கதவு பூட்டாமற் படுத்தோம் என்பவர்களும் உண்டு. விசாரணை எதுவுமின்றி மின்கம்பத்தடியில் நிறுத்தப்பட்டவர்களை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். நீதிமன்றமே கசையடி விதிக்கும் அதிகாரம் 2005இல் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. கண்முன் களவெடுத்தவனைப் பொதுமகன் பிடிக்கலாம். தாமதிக்காமல் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடித்தால் அடித்தவரும் காயம் விளைவித்த குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பிடிபட்டவன் ஆள்மாறிய அப்பாவியாக இருந்தால், கைத்தொலைபேசியில் எடுத்துப் பரப்பிய காணொளியை யார் திருப்பி வாங்குவது?

சந்தேகநபருக்குப் பிணை கிடைத்ததும் "பொலிஸ் காசு வாங்கிட்டுது" என்று கோபப்படுகிறோம். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதை விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வழக்கில்லாமல் பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்ததைக் கண்ட சமூகம் நாங்கள். விளக்கமறியல் தண்டனையல்ல என்பதை எங்களைவிட யார் அறிவார்?

தண்டனையில் பெரிய அநீதி ஒன்று கண்ணில் படாமலே நடக்கிறது. நாட்டின் சிறைகளுக்கு ஆண்டுதோறும் தண்டனை பெற்றுப் போவோரில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமற் போனவர்கள். ஒரே குற்றத்துக்குக் காசுள்ளவர் வீடு போகிறார்; கூலிக்காரர் உள்ளே போகிறார். அவர் உள்ளேயிருக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு எரியாது, வாரக்கடன் கட்ட ஆளில்லை. நுண்கடன்காரர் படலையில் வந்து நிற்பார். மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை வழங்கலாம்: ஊதியமில்லாத பொதுவேலை, ஆலோசனை, போதைக்குச் சிகிச்சை. முதற்தடவை தவறியவருக்கு நிபந்தனையுடன் விடுவிப்பும், சிறைத்தண்டனையை ஒத்திவைத்தலும் உள்ளன. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை அலுவலகத்தை நாடலாம்.

பிள்ளைகளின் விடயம் வேறு. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்ததை விளங்கும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும்.

ஏன் களவெடுக்கிறார்கள் என்று கேட்டால் வறுமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது அரைவாசிதான், எங்கள் மிக வறிய குடும்பங்களில் பல, கணவனை இழந்த பெண்கள் நேர்மையாக உழைத்து நடத்துபவை. போதைப்பொருள் ஒரு காரணம். அதற்கு அடிமையான பொடியனுக்கு நாளைய சிறையைவிட இன்றைய தேவை பெரிது; தண்டனையைக் கூட்டுவது அவனிடம் எடுபடாது. இன்னொரு காரணத்தைப் பற்றி ஊரில் பேச்சே குறைவு: வாங்குகிறவர். செப்புக் கம்பியையும் இயந்திரத்தையும் அரை விலைக்குக் கேள்வி கேட்காமல் எடுப்பவர் இருக்கும்வரை களவுக்குச் சந்தை இருக்கும். களவுப்பொருள் என்று தெரிந்தே வாங்குவது 394ஆம் பிரிவின் கீழ் தனிக்குற்றம். இடம்பெயர்ந்து திரும்பியபோது ஓடும் கதவும் நிலையும் இல்லாத வீடுகளைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல; கழற்றியவன் ஒருவன் என்றால் வாங்கியவன் இன்னொருவன். இயந்திரத்தின் தொடரிலக்கத்தை எழுதி வைப்பதும், ஊர்ச் சங்கம் பழைய இரும்புக் கடைக்காரரிடம் விற்றவரின் அடையாள அட்டை விபரத்தைப் பதியச் சொல்வதும் செலவில்லாத வேலைகள்.

வேலிச் சண்டை, சிறு கைகலப்பு, அத்துமீறி நுழைதல், ஏச்சு போன்றவை நீதிமன்றத்துக்குப் போகுமுன் மத்தியஸ்த சபைக்கு வருகின்றன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அமைத்த இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும். சட்டத்தரணி இல்லை, கட்டணம் இல்லை. அயலவர் பிறகும் ஒரே ஒழுங்கையில்தான் நடக்க வேண்டும் என்பதால் இந்த வழி பல வேளைகளில் நீதிமன்றத்தைவிடப் பயனுள்ளது. ஆனால் அடிவாங்கிய மனைவியை "விட்டுக்கொடு பிள்ளை" என்று சமாதானப்படுத்தி அனுப்பும் இடமாக அது ஆகக்கூடாது. அவருக்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் நேரடியாகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் உரிமை உண்டு. இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழைச் சபையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து வழக்கு நீதிமன்றம் போகலாம்.