ஏசியாட் முதல் ஹாங்சோ வரை: நாம் பார்த்ததும் பேசியதும்

1982ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 30ஆம் தேதி இரவு. அப்போது டெல்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மலையில் ஏற்றும் தீபம் பதினொரு நாள் எரியும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆக, டிசம்பர் 1ஆம் தேதி ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோதும், 4ஆம் தேதி போட்டிகள் நிறைவடைந்தபோதும், இங்கே 2,668 அடி உயரத்தில் தீபம் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய தேதிகளைப் பொருத்திப் பார்த்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இதில் தெய்வ சங்கல்பம் எதையும் நான் தேடவில்லை.

நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்று சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் இங்கே வந்து தங்கியவர்கள் அதிகம். மாலை நடையில் அவர்களிடம் "ஏசியாட் பார்த்தீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். வேடிக்கை என்னவென்றால், பதக்கங்களைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. எல்லாரும் பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். யார் வீட்டில் இருந்தது, எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடந்தது என்பதெல்லாம் நாற்பது வருடம் கழித்தும் துல்லியமாக இருக்கிறது. இந்தியா எத்தனை தங்கம் வாங்கியது என்று கேட்டால் யோசிக்கிறார்கள். (13 தங்கம், 19 வெள்ளி, 25 வெண்கலம். மொத்தம் 57, ஐந்தாம் இடம்.)

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியும் டெல்லியில்தான் நடந்தது, 1951 மார்ச் மாதம். 11 நாடுகள் வந்தன. சச்சின் நாக் நீச்சலில் தங்கம் வாங்கினார், கால்பந்தில் ஈரானை 1-0 என்று வென்றோம். ஆனால் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து மக்களுக்கு அது பத்திரிகைச் செய்தி, ரேடியோ செய்தி. பிறகு சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓடும் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதால், 'ஏன் இப்படி ஆடினான்' என்று கோபப்பட அங்கே இடமில்லை. நேராகப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் அபிப்பிராயம் சூடாக வரும்.

அந்தச் சூடு 1982இல் வந்தது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சரியாக ஏழு வருடம் கழித்து, 1982 ஆகஸ்ட் 15 அன்று, தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் ஆரம்பமாயின. ஏசியாடை வண்ணத்தில் காட்டியாக வேண்டும் என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். வெளிநாட்டு வண்ணப் பெட்டிகள் வருவதற்காகச் சுங்க விதிகளைக்கூடத் தளர்த்தினார்கள். இருந்தாலும் நம் பக்கத்து வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைத் தயாரிப்புகள், அதுவும் கறுப்பு வெள்ளை. மரப்பெட்டிக்குள் வைத்து, பார்க்காத நேரத்தில் ஷட்டரை இழுத்துப் பூட்டி வைப்பார்கள். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். எங்கள் பி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்துறைக்காரர் சொன்னது: "லைசென்ஸ் கட்ட வர்றவர் முகத்துல ஒரு பெருமை இருக்கும் சார். பத்து பேர் பார்க்கிற மாதிரிதான் பணத்தை எடுப்பார்."

சென்னையிலிருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு அந்த அலை ஒழுங்காக எட்டாது. மொட்டை மாடியில் உயரமான குழாய் நட்டு, அதில் ஆன்டெனா, கீழே பூஸ்டர். ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் ஜன்னல் வழியாக "வருது... போச்சு... அங்கேயே நிறுத்து" என்று கத்துவார். அப்படியும் திரையில் பாதி நேரம் கொசுக்கூட்டம்தான். நேர்முக வர்ணனை இந்தியிலும் ஆங்கிலத்திலும். நம்மவர்கள் பலருக்கு இரண்டும் புரியாது. எனவே வீட்டில் யாராவது ஒருவர் தமிழில் வர்ணனையாளர் ஆகிவிடுவார். விளையாட்டு விதி தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தொடக்க விழாவில் யானைகள் வந்ததும் குழந்தைகள் ஆரவாரம் செய்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. போட்டியின் சின்னமே அப்பு என்ற யானைக்குட்டிதான். பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். தென்னக ரயில்வேயைச் சேர்ந்த எம்.டி. வல்சம்மா பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 58.47 விநாடியில் தங்கம் வாங்கினார். இந்த ஒரு ஓட்டத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி அந்த ஹாக்கி ஆட்டம். இரண்டு வருடம் முன்புதான் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றிருந்தோம். எதிர்பார்ப்பு எப்படி இருந்திருக்கும்! பிரதமர் இந்திரா காந்தியே பார்வையாளர் வரிசையில் இருந்தார். முதல் கோலை இந்தியாதான் போட்டது. அதன் பிறகு ஏழு. கோல் காத்தவர் மீர் ரஞ்சன் நேகி.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவர் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்று பேச்சு கிளம்பியது. எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் 'கண்ணால் பார்த்திருந்தார்கள்'. பெட்டியில் தெரிந்தது கோல்கீப்பரைத் தாண்டிப் பந்து போவது மட்டும்தான். நடுக்களத்தில் யார் யாரை விட்டுவிட்டார்கள், தடுப்பு வரிசை எங்கே உடைந்தது என்பதெல்லாம் அந்தக் கொசுக்கூட்டத் திரையில் யாருக்குத் தெரிந்தது? கோல்கீப்பர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பழியும் அங்கேயே போய் உட்கார்ந்தது. இதே ஆட்டம் 1951 மாதிரி நியூஸ் ரீலில் இரண்டு நிமிடமாக வந்திருந்தால் நேகி தப்பித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் குடியிருப்பில் ஒருவர், பெயர் போட வேண்டாம் என்றார், அன்றைக்கு ஒரு தெருவே கூடியிருந்த வீட்டில் "வித்துட்டான்யா" என்று தானும் சேர்ந்து கத்தியதாகச் சொன்னார். 2007இல் வந்த 'சக் தே இந்தியா' படத்துக்கு நேகியின் வாழ்க்கை தூண்டுதல் என்று பிறகு படித்தபோது, படத்தை மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மகளிடம் 1982ஐப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். நேகி 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பினார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தன்ராஜ் பிள்ளை தலைமையில் அந்த அணி 32 வருடங்களுக்குப் பிறகு ஹாக்கித் தங்கம் வாங்கியது. அதுவும் பெனால்டியில், கோல்கீப்பரின் கையால். பதினாறு வருடம் முன்பு கத்தியவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

உஷாவுக்கும் நாம் சும்மா இருக்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி! சலூனிலும் டீக்கடையிலும் நெஞ்சை முன்னால் நீட்டத் தெரியாதா என்று கேட்காதவர் இல்லை. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வாங்கியது மொத்தம் ஐந்து தங்கம், அதில் நான்கில் உஷா இருந்தார். உடனே தங்க மங்கை. 1988இல் அதே சியோலில் ஒலிம்பிக். காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். உடனே வசவு. ஒரே ஊர், ஒரே ஓட்டக்காரர், இரண்டே வருட இடைவெளி.

அடுத்த பெரிய மாற்றம் தமிழ்நாட்டுக்கே உரியது. 2006 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் போய் நிற்பது என்ற பழக்கம் அதோடு மெல்ல மறையத் தொடங்கியது. அதே டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் டிசம்பர் 9ஆம் தேதி 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பரிசளித்தது. அந்தப் பரிசு யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. பெட்டி என்பது அப்போதும் ஒரு கௌரவம்தான்.

சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். தன் உடம்பைப் பற்றிய செய்தியை ஊரோடு சேர்ந்து அவரும் பெட்டியில் பார்க்க வேண்டி வந்தது. நேகி மீதாவது ஆட்டத்தில் தோற்றார் என்ற காரணம் இருந்தது. சாந்தி ஜெயித்திருந்தார். அந்த வாரம் நம் ஊர் பஸ்களிலும் கடைகளிலும் என்னென்ன பேசினார்கள் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதற்கு முந்தைய வாரம் "நம்ம தமிழ்ப் பொண்ணு" என்று பூரித்தவர்களும் அவர்களேதான். பின்னாளில் சாந்தி அரசு விளையாட்டுப் பயிற்றுநர் ஆனார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

நடுவில் பக்கத்து ஊர்ப் பெருமை ஒன்று. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பளுதூக்குதலில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018 கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும். நாமும் ஒரு காலத்தில் வட ஆற்காடுதானே என்று அவரை நம்மவர் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இப்போது அந்தத் தடை ஓட்டத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றை 55.42 விநாடியில் ஓடினார். 1984இல் உஷா ஓடிய அதே 55.42. முப்பத்தொன்பது வருடத் தேசிய சாதனை, அச்சுப் பிசகாமல் சமன். மறுநாள் இறுதிச் சுற்றில் வெண்கலம். இந்தியா 107 பதக்கங்களோடு திரும்பிய போட்டி அது.

நம் குடியிருப்பில் எத்தனை பேர் அதை நேரலையில் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். மூன்று பேர். ஒருவர் பார்த்தது கைப்பேசியில், பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது. மற்ற எல்லாருக்கும் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்த முப்பது விநாடித் துண்டுதான். அதற்குக் கீழே கைத்தட்டல் பொம்மைகள் வரிசையாக. ஐந்தாவது செய்தி தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது. வீட்டுக்கு இரண்டு பெட்டி, ஆளுக்கொரு கைப்பேசி, கொசுக்கூட்டம் இல்லாத படம், வேண்டினால் தமிழ் வர்ணனை. இத்தனை வசதி வந்த பிறகு பார்த்தவர்கள் மூன்று பேர்.

பேச்சு மட்டும் குறையவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின்போது நம் குழுவில் ஒரு வீராங்கனையின் உடம்பைப் பற்றி வந்த பதிவுகளைச் செயலர் நீக்க வேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். நீக்கியது சரி என்பது என் கருத்து. கருத்துச் சுதந்திரம் போயிற்று என்று டி பிளாக்கில் ஒருவருக்கு இன்னும் வருத்தம். அவரோடு இதைப் பற்றி நேரில் நிறையப் பேசியிருக்கிறேன். நேரில் பேசும்போது அவர் அந்தப் பதிவில் இருந்த சொற்களைப் பயன்படுத்துவதே இல்லை. பெட்டியைச் சுற்றிக் கூடியிருந்த காலத்திலும் வாய் நீண்டதுதான், 1982 அதற்குச் சாட்சி. ஆனால் பக்கத்தில் ஒரு பாட்டியோ ஒரு பள்ளிக்கூடப் பெண்ணோ உட்கார்ந்திருந்தால் சில சொற்கள் தொண்டையிலேயே நின்றன. "போதும்டா, அந்தப் பொண்ணும் யாரோ பெத்த பொண்ணுதானே" என்று சொல்ல யாராவது ஒருவர் கூட்டத்தில் இருந்தார்.

வரும் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானில் ஐச்சி-நகோயாவில் 20ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கவிருக்கிறது. நம் சங்கத்தின் பொது அறையில் ஆண்டு விழாவுக்கு வாங்கிய ப்ரொஜெக்டர் சும்மாதான் கிடக்கிறது. தடகளம் நடக்கும் நாட்களில் மட்டுமாவது அங்கே எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் வரும், மின் கட்டணம் யார் தருவது, தரையை யார் துடைப்பது என்று மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. மூன்றும் நியாயமானவை. மின் கட்டணத்துக்கு நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறோம், துடைப்பம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். அங்கே இரவு 7 மணி ஓட்டம் இங்கே பிற்பகல் 3.30. அலுவலகம் போகிறவர்களுக்குச் சிரமம்தான், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் எந்த நாள் என்று அட்டவணை கிடைத்ததும், லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.