கிணற்றுத் தண்ணியும் பைப் தண்ணியும்: காத்தான்குடியின் தண்ணீர்க் கதை

"பைப் தண்ணி மருந்து மணக்கும் சேர். நாங்க கிணத்துத் தண்ணிதான் குடிக்கிற."

தரம் எட்டு வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னதும் வகுப்பே தலையாட்டியது. பாடத்தை நிறுத்திவிட்டு ஊரின் தண்ணீர்க் கதையைச் சொல்லத் தொடங்கினோம். மணி அடித்துவிட்டது, கதை முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதுதான் உண்மையான நோக்கம்.

நம் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டும் உப்பு. நடுவில் இருக்கும் இந்த மணல் துண்டில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வந்தது எப்படி? மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. அவ்வளவுதான் விசயம். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தம்மா காலத்தில் பெரிய வளவுக்கு ஒரு கிணறு. வாளி, கயிறு, கிணற்றடியில் நாலு வாழை. கையால் அள்ளுகிற தண்ணீர், தேவைக்கு மேல் யாரும் அள்ளமாட்டார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியின் ருசியை இன்றைக்கும் பேசுகிறோம். அது பொய்யில்லை. அன்றைக்கு அது நல்ல தண்ணீர்தான்.

பிறகு என்ன நடந்தது? நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நாலு மகள் என்றால் நாலு வீடு. (சீதனத்தைப் பற்றிச் சண்டை பிடிக்க இப்போது வரவில்லை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) 40 பேர்ச் வளவு பத்துப் பத்தாகப் பிரிந்தது, அடுத்த தலைமுறையில் ஐந்தைந்தாக. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஊர் அகலமாக வழியில்லை, நெருங்கத்தான் முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் மலசலகூடம் வந்தது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழியும் வந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. வீட்டை எங்கே கட்டுவது? நம் குழியைத் தூரமாகத் தோண்டினாலும் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டத்தானே போகிறது! வளவு பிரிந்தது. மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பிரியவில்லை.

கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ருசியாகவும் இருக்கிறது, பிறகு என்ன என்று கேட்பார்கள். மலத்திலிருந்து வரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. குழிக் கழிவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருப்பது கைக்குழந்தைகளுக்காகத்தான். புட்டிப்பால் கரைக்கிற தண்ணீரில் அது அதிகமானால், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் சக்தியை இழக்கும், உடம்பு நீலம் பாரிக்கும்.

2004 டிசம்பர் 26ஐ நாம் யாரும் மறக்கவில்லை. அலை வடிந்த பிறகு கரையோரக் கிணறுகளில் கடல் இருந்தது. பவுசர் வரும்வரை போத்தலும் கையுமாகக் காத்திருந்தோம். கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். இறைக்க இறைக்கச் சில கிணறுகளில் உப்பு கூடியது, ஏனென்று அப்போது விளங்கவில்லை. மேலிருந்த கொஞ்ச நல்ல தண்ணீரும் போக, அடியிலிருந்த உப்பு மேலே ஏறியிருக்கிறது. கிழக்குக் கரையின் கிணறுகளைக் கடைசியில் சுகப்படுத்தியது இயந்திரம் இல்லை, மழை.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் உருவானது. குழாய் நம் வாசலுக்கு வர அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சென்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவித் திட்டத்தில்தான் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்புக்கும் நமக்கும் வரத் தொடங்கியது. வயல்காரர்களின் குளம் அது. திறந்த குளத்துத் தண்ணீரில் சேறும் பாசியும் இருக்கும். படிகாரம் போட்டு அடியச் செய்து, மணலில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை சொன்ன "மருந்து மணம்" இதுதான். வழியில் எங்காவது குழாய் வெடித்து அழுக்குப் புகுந்தாலும் கிருமியைக் கொல்ல, நம் வாசல்வரை கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும். லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது. மணம் பிடிக்காவிட்டால் பாத்திரத்தில் ஊற்றிச் சில மணி நேரம் மூடாமல் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். வைத்த தண்ணீரை அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

நமக்குப் பயமாக இருப்பது வாசலுக்கு உள்ளே நடப்பது. எத்தனையோ வீடுகளில் கிணற்று மோட்டரும் பைப் லைனும் ஒரே குழாயில் பொருத்தப்பட்டிருக்கின்றன, நடுவில் ஒரு வால்வுதான். தண்ணீர் நிற்கும் நேரத்தில் வால்வைப் பூட்ட மறந்து மோட்டரைப் போட்டால், அந்தக் கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள்ளே போகும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதுதான் போய்ச் சேரும். இரண்டும் ஒரே தாங்கியில் விழுகிற வீடுகளில் குளோரின் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதை எழுதுமுன் நாங்களும் வீட்டுத் தாங்கியைத் திறந்து பார்த்தோம். மூடி வெடித்திருந்தது. அடியில் ஒரு விரல் மொத்தத்துக்குச் சேறு, அதற்குள் ஒரு பல்லி. கடைசியாக எப்போது கழுவினோம் என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கழுவி, புது மூடி போட்டு, கிணற்று மோட்டரின் குழாயைக் கழற்றித் தோட்டத்துக்கு மட்டும் கொடுத்தோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு பார்த்தால், தேத்தண்ணிக்கு வாளியால் கிணற்றில் அள்ளிக்கொண்டு நிற்கிறா.