தண்ணி தேடி அலைஞ்ச கார்

உலகத்தோட முதல் நீண்ட கார் பயணம் தெரியும்ல? 1888 ஆகஸ்ட்ல, புருஷன் கார்ல் பென்ஸுக்குத் தெரியாம, ரெண்டு பசங்களோட மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினாங்க பெர்த்தா பென்ஸ். சுமார் 105 கிலோமீட்டர். வழியில மருந்துக்கடையில எரிபொருள் வாங்கின கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா அம்மணி திரும்பத் திரும்ப வண்டிய நிறுத்தினது தண்ணிக்காக! அந்த வண்டியில ரேடியேட்டரே கிடையாது. இன்ஜின் சூட்டுல தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும். கூலிங் அம்புட்டுதான். போனதுக்கு ஈடா ஊத்திக்கிட்டே இருக்கணும்.

இந்தத் தலைவலிக்கு 1900-ல் முடிவு கட்டினவர் வில்ஹெல்ம் மேபாக். 35 குதிரைசக்தி மெர்சிடிஸுக்காக அவர் செஞ்ச தேன்கூடு ரேடியேட்டர்ல 8,070 குட்டிக் குழாய்கள். குழாய்க்குள்ள காத்து, வெளியே சுத்தித் தண்ணி, பின்னால ஒரு ஃபேன். அதே தண்ணி ஆறி ஆறிச் சுத்தி வந்துச்சு. 1901 மார்ச்ல நீஸ் பந்தயங்கள்ல அந்த வண்டி ஜெயிச்சுது.

மேபாக் புரிஞ்சுக்கிட்டது இதுதான் மக்களே: தண்ணி வெறும் சுமைதூக்கி. சூட்டை வாங்கிக்கிறது காத்து. அதனால கத்திரி வெயில்ல கூலன்ட் அளவை மட்டும் பார்த்தாப் பத்தாது. ரேடியேட்டர் இடுக்குல தூசி, பூச்சி அடைச்சிருக்கா, டிராஃபிக்ல நிக்கும்போது ஃபேன் சுத்துதான்னும் பாருங்க. முள்ளு சிவப்பைத் தொட்டா ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சிடுங்க. சூடு ஆறாம மூடியைத் திறந்துடாதீங்க. உள்ளே அழுத்தத்துல இருக்கற கொதிநீர் மூஞ்சியிலேயே அடிக்கும். பெர்த்தா காலத்துல அந்த ஆபத்து இல்ல, நமக்கு இருக்கு!